அழைத்த பெயரில் பதில்

கடந்த ஜூன் மாதம் வைட்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்த மூன்றாம் நாள், என் ஆய்வுத் தரவுகள் இருந்த சேமிப்புப் பெட்டி பேசாமல் போயிற்று. உண்மையில் அது பேசிக்கொண்டுதான் இருந்தது. என் கணினிக்குக் கேட்கவில்லை. இதைப் பின்னரே அறிந்தேன். பிணைய இடைமுகம் ஒன்றுக்குக் கூடுதலாக ஓர் ஐபி முகவரியைச் சேர்ப்பது எப்படி என்று அன்றிரவு கற்றுக்கொண்டேன். அடுத்த சில வாரங்களில் அந்தப் பாடம் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தவும் வைத்தது. இரண்டையும் சேர்த்தே இங்குப் பதிவு செய்கிறேன். களப்பதிவுகளைக் கொண்டு ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு இதில் பயன்படக்கூடிய செய்திகள் சில உண்டு.

முதலில் தரவைப் பற்றிச் சொல்லவேண்டும். வைட்ஃபீல்ட், காடுகோடி வட்டாரத்தில் குடியேறியுள்ள கோலார் தங்கவயல் தமிழர்களின் பேச்சு என் ஆய்வுப்பொருள். தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதன்பின் அங்கே பிறந்து வளர்ந்த பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பெங்களூரே பிழைப்பிடமாயிற்று. மாரிக்குப்பத்திலும் பங்காருப்பேட்டையிலும் விடியற்காலையில் தொடர்வண்டி ஏறி இங்கு வேலைக்கு வந்து, இரவில் திரும்புவோர் இன்றும் பலர். வைட்ஃபீல்ட் நிலையம் அந்த இருப்புப்பாதையில்தான் இருக்கிறது. சிலர் அன்றாடம் வந்துபோவதை விட்டு இங்கேயே தங்கிவிட்டனர். அவர்களுடைய பேச்சில் '-கொண்டு' என்னும் துணைவினை எவ்வெவ்வாறு ஒலிக்கிறது என்பதே என் மூன்றாம் அத்தியாயத்தின் கேள்வி. 'வந்துகொண்டு' என்பது எழுத்து வழக்கை ஒட்டியது. 'வந்துகிட்டு' தமிழகத்தின் பல பகுதிகளில் கேட்பது. 'வந்துகினு' வடமாவட்டங்களுக்கு உரியது. யார், எப்போது, யாரிடம் பேசும்போது இவற்றுள் எதைத் தேர்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே வேலை.

மொத்தம் 46 மணி நேரப் பதிவு. 31 பேசுநர்கள் என்று என் அட்டவணை சொல்லிற்று. பெரும்பகுதியை ஆய்வு மையத்தின் கணினியிலும் படியெடுத்து வைத்திருந்தேன். கடைசியாகப் பதிந்த தொகுதிக்கு மட்டும் படி இல்லை. பதிவுக் கருவியின் அட்டையிலிருந்து பெட்டிக்கு மாற்றியதும், வேறொரு பதிவுக்காக அட்டையை அழித்துவிட்டேன். அந்தத் தொகுதியில் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவரின் இரண்டரை மணி நேரப் பேச்சு இருந்தது. தங்கவயலின் தொழிலாளர் லைன் வீடுகளில் பிறந்து, அங்கேயே மணமாகி, முதுமையில் மகனோடு காடுகோடிக்கு வந்தவர். என்னைக் 'கண்ணு' என்று அழைப்பார். பிப்ரவரியில் அவர் காலமானார். ஆகவே அந்த இரண்டரை மணி நேரத்தை மீண்டும் பதிய வழியில்லை. ஆய்வு மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் அறிவுரை இந்தப் பத்தியிலேயே இருக்கிறது. அதை விரித்துரைக்க எனக்குத் தகுதியில்லை.

பழைய வீட்டில் பெட்டிக்கு 192.168.0.50 என்னும் நிலையான முகவரியை நானே கொடுத்திருந்தேன். புதிய வீட்டின் ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளை வழங்குவது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அனைத்தும் வீடுகளும் அலுவலகங்களும் தமக்குள் புழங்குவதற்கென்று 1996-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கி வைத்தவை. எனவேதான் உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் ஒரே முகவரி திரும்பத் திரும்ப வருகிறது. என் கணினியின் முகவரி இப்போது 192.168.1.23. அது 192.168.0.50-ஐத் தேடும்போது, 'இது என் தெருவைச் சேர்ந்ததன்று' என்று முடிவுகட்டி, பொட்டலத்தை ரவுட்டரிடம் கொடுத்துவிடுகிறது. ரவுட்டருக்கும் அப்படியொரு தெரு தெரியாது. பெட்டியோ அதே மேசையில், அதே ரவுட்டரில் செருகிய கம்பியோடு, என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தொலைவில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குத் திரை இல்லை, விசைப்பலகை செருகவும் இடமில்லை. பின்புறம் ஒரு சிறிய துளைக்குள் மீட்டமைக்கும் பொத்தான் மட்டும் இருந்தது. இத்தகைய பொத்தான்கள் சில பெட்டிகளில் முகவரியையும் கடவுச்சொல்லையும் மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். சிலவற்றில் சற்று நீண்ட நேரம் அழுத்தினால் அமைப்பு முழுவதும் அழியும். கையேடு வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. ஊக்கொன்றைக் கையில் பிடித்தபடி சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, கம்பியில் என்னதான் ஓடுகிறது என்று பார்க்கலாம் என எண்ணி டிசிபிடம்ப் என்னும் கருவியைத் திறந்து, ஏஆர்பி பொட்டலங்களை மட்டும் காட்டச் சொன்னேன்.

ஏஆர்பி என்பது 1982-இல் ஆர்எஃப்சி 826 வரையறுத்த நெறிமுறை. ஒரு முகவரியை உரக்கச் சொல்லி, 'இது யாரிடம் இருக்கிறது?' என்று தெருவிலுள்ள அனைவரையும் கேட்பதே அதன் வேலை. அந்த முகவரிக்கு உரிய கருவி தன் வன்பொருள் எண்ணைச் சொல்லி விடை தரும். என் திரையில் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரே வரி வந்துகொண்டிருந்தது. தமிழில் சொன்னால்: '192.168.0.1 யாரிடம் இருக்கிறது? 192.168.0.50-க்குச் சொல்லுங்கள்.' பெட்டி பழைய வீட்டின் ரவுட்டரைத் தேடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாகக் கூப்பிட்டும் எவரும் விடை சொல்லவில்லை. கேள்வி என் கணினிக்கு ஒவ்வொரு முறையும் வந்து சேர்ந்துதான் இருக்கிறது. அந்தப் பெயரில் எவரும் இங்கில்லை என்பதால் என் கணினியும் வாய் திறக்கவில்லை.

வழி இதிலிருந்தே புலப்பட்டது. பெட்டியைத் தொடவேண்டியதில்லை. என் கணினி பழைய தெருவிலும் ஒரு முகவரியை வைத்துக்கொண்டால் போதும். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தே தருகிறேன். முனையத்தில் ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும்.

சூடோ ஐபி அட்ரஸ் ஆட் 192.168.0.2/24 டெவ் எத்0

ஒரே வரிதான். 'எத்0' என்னும் இடத்தில் உங்கள் இடைமுகத்தின் பெயரை இடவேண்டும்; 'ஐபி லிங்க்' என்று தட்டினால் அது தெரியும். சாய்கோட்டுக்குப் பின் வரும் 24, முகவரியின் 32 பிட்டுகளுள் முதல் 24 தெருவைக் குறிக்கின்றன, எஞ்சிய 8 வீட்டைக் குறிக்கின்றன என்று சொல்கிறது. இதை விட்டுவிட்டால் லினக்ஸ் 32 என்று எடுத்துக்கொள்ளும். அப்போது அந்த முகவரி தெருவே இல்லாத தனி வீடாகிவிடும். அருகிலுள்ள பெட்டிக்குப் பாதை உண்டாகாது. முதல் முயற்சியில் நான் செய்த பிழை இதுவே.

24 என்று சரியாகக் கொடுத்தவுடன், 192.168.0 என்னும் தெருவுக்குப் போக எத்0 வழியே நேர்ப்பாதை உண்டு என்பதைக் கெர்னல் தானாகவே தன் பாதை அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. 'ஐபி ரூட்' என்று கேட்டால் அந்த வரியைப் பார்க்கலாம். பழைய முகவரியான 192.168.1.23 அப்படியே இருந்தது, இணையமும் அறுபடவில்லை. பெட்டியைப் பிங் செய்தேன். விடை வந்தது.

சேர்ப்பதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. லினக்ஸில் இக்கட்டளை, ஐபிவி4 முகவரி ஏற்கெனவே வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஐபிவி6-இல் அந்தச் சோதனை தானாக நடக்கும். நான்கில் நாமே 'ஆர்பிங்' கட்டளையை '-டி' என்னும் விருப்பத்தோடு இயக்கிக் கேட்டுக்கொள்ளவேண்டும். என் வீட்டில் பழைய தெருவைச் சேர்ந்தது பெட்டி ஒன்றுதான் என்பதால் மோதலுக்கு இடமில்லை. விடுதியிலோ ஆய்வகத்திலோ இதைச் செய்பவர்கள் கேட்காமல் முகவரியை எடுத்துக்கொள்ளலாகாது. இருவர் ஒரே முகவரியைச் சொன்னால், அங்குள்ளோரின் பொட்டலங்கள் சில நேரம் இவரிடமும் சில நேரம் அவரிடமும் போகும். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

அன்றிரவு தொலைபேசியில் துணை நின்ற நண்பர், முகவரி சேர்ந்துவிட்டதா என்று இஃப்கான்ஃபிக் கட்டளையில் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். 192.168.1.23 மட்டுமே தெரிந்தது. 'சேரவே இல்லையே, பிறகு எப்படிப் பெட்டி பதில் சொல்கிறது?' என்று அவர் வியந்தார். காரணம் கருவியின் வயது. இஃப்கான்ஃபிக் ஓர் இடைமுகப் பெயருக்கு ஒரு முகவரி என்னும் பழைய எண்ணத்தில் அமைந்தது. கூடுதல் முகவரி வேண்டுமென்றால் எத்0:1 என்று போலிப் பெயர் ஒன்றைச் சூட்டவேண்டும். சூட்டினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். 1999-இல் வந்த லினக்ஸ் 2.2 கெர்னலில் பிணையப் பகுதி மாற்றி எழுதப்பட்டபின், ஓர் இடைமுகம் பல முகவரிகளின் பட்டியலைத் தாங்குவது இயல்பான நிலையாயிற்று. எத்0:1 என்பது இப்போது பழைய கருவிகளின் பொருட்டு ஒட்டும் அடையாளச் சீட்டு மட்டுமே. ஐபி கட்டளையின் இறுதியில் 'லேபிள்' என்று சேர்த்து அதையும் ஒட்டலாம். ஒட்டாமல் சேர்த்த முகவரி இஃப்கான்ஃபிக்கின் கண்ணில் படாது. உள்ளதைப் பார்க்க 'ஐபி அட்ரஸ்' என்றே கேட்கவேண்டும். வழங்கிகளைப் பராமரிப்போர் சிலர் இன்றும் பழைய கட்டளையில் பார்த்துவிட்டு, 'இந்த முகவரி இந்தப் பொறியில் இல்லை' என்று உறுதியாகச் சொல்வதுண்டு.

ஓர் இடைமுகத்துக்குப் பல முகவரிகள் இருப்பது புதுமையுமன்று. ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் 'லோ' என்னும் உள்வளைவு இடைமுகம் இருக்கிறது. 127.0.0.1 என்ற அதன் முகவரியை அனைவரும் அறிவர். 127.0.0.2-ஐயும் 127.10.20.30-ஐயும் பிங் செய்து பாருங்கள். எதையும் சேர்க்காமலேயே அவையும் விடை தரும். 127 என்று தொடங்கும் 1,67,77,216 முகவரிகளும் அந்த ஒரே இடைமுகத்துக்கு உரியவை.

பெட்டி பேசத் தொடங்கியதும் வேறெதையும் செய்யாமல் அனைத்தையும் படியெடுத்தேன். ஏறத்தாழ 24 ஜிபி. ரவுட்டரின் வேகத்துக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்புத் தொகையையும் ஒப்பிட்டபின்தான் உறங்கச் சென்றேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன்.

மறுநாள் பெட்டிக்குள் நுழைந்து, புதிய வீட்டுக்கு ஏற்ப 192.168.1.50 என்னும் முகவரியை அளித்தேன். உள்ளே ஓடுவதும் லினக்ஸ்தான். கூடவே 192.168.1.51 என்று இன்னொன்றையும் சேர்த்தேன். பெட்டியில் இரண்டு பணிகள் நடக்கின்றன. ஒன்று ஒலிக்கோப்புகளைத் தருவது. மற்றது நான் எழுதிய சிறு நிரல். கோப்பின் எண்ணை அனுப்பினால், அதில் பேசுபவரின் குறியீட்டைத் திருப்பித் தரும். பணிக்கு ஒரு முகவரி என்று வைத்தால், நாளை அந்த நிரலை வேறு கணினிக்கு மாற்றும்போது முகவரியையும் உடன் கொண்டுபோய்விடலாம்; என் பகுப்பாய்வு நிரல்களில் ஒரு எழுத்தையும் மாற்றவேண்டாம். பெரிய வழங்கிகளில் கூடுதல் முகவரிகள் சேர்ப்பதற்கு முதன்மையான காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஒலிக்கோப்புகள் 50-இல் ஒழுங்காகக் கிடைத்தன. குறியீட்டு நிரலை 51-இல் கேட்டால் மட்டும் விடையில்லை. மீண்டும் டிசிபிடம்ப். கேள்வி 51-க்குப் போயிற்று. விடையும் உடனே கிளம்பியிருந்தது, ஆனால் 50-இலிருந்து. என் கணினி 51-இடம் கேட்டுவிட்டு 51-இன் விடைக்காகக் காத்திருந்தது. 50 என்று ஒருவர் வந்து ஏதோ சொன்னதை அது பொருட்படுத்தவில்லை. சரியான விடை கைக்கு வந்தும், சொன்னவரின் பெயர் வேறு என்பதால் கழித்துவிட்டது.

இதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. ஒரே தெருவில் இரண்டு முகவரிகளைச் சேர்த்தால், முதலில் வந்ததைக் கெர்னல் முதன்மை என்று கொள்ளும். அடுத்து வந்ததன் எதிரே 'செகண்டரி' என்று குறித்துவைக்கும். பொறி தானாக ஒன்றைச் சொல்லத் தொடங்கும்போது, எந்த முகவரியிலிருந்து சொல்வது என்று வேறு குறிப்பு இல்லையெனில், முதன்மை முகவரியையே பயன்படுத்தும். டிசிபி இணைப்புகளில் சிக்கல் எழுவதில்லை. அங்கே உரையாடல் எந்த முகவரிக்கு வந்ததோ அந்த முகவரியிலேயே முடியும்வரை நடக்கும். யூடிபி அவ்வாறன்று. ஒவ்வொரு பொட்டலமும் தனிக்கூற்று. நிரல் எல்லா முகவரிகளிலும் பொதுவாகக் காதுகொடுத்துக்கொண்டிருந்தால், விடை அனுப்பும் வேளையில் எந்தப் பெயரில் தன்னை அழைத்தார்கள் என்பது அதன் நினைவில் இராது. இதைத் தவிர்க்கவே டிஎன்எஸ் வழங்கி மென்பொருள்கள் சில, பொறியின் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியே காது வைக்கின்றன. என் நிரலில் 51-இல் மட்டும் கேள் என்று ஒரு வரி மாற்றியதும் பழுது நீங்கிற்று.

மொழியியல் படித்தவர்களுக்கு இது எங்கோ கேட்டதாகத் தோன்றும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், ஒரு பொருளைக் குறிக்கும் பல பெயர்களைப் பற்றி ஒரு விதி உண்டு. ஒருவனுடைய தொழிலால் வந்த பெயர், ஊரால் வந்த பெயர், குடியால் வந்த பெயர், பெற்றோர் இட்ட பெயர் அனைத்தையும் அடுக்கிச் சொல்லலாம். ஆனால் முடிவில் வினை ஒன்றாக இருக்கவேண்டும். பெயர்தோறும் வெவ்வேறு வினை கொடுத்தால் அப்பெயர்கள் ஒருவனையே சுட்டுவனவாக நில்லா. கேட்பவர் வேறு வேறு ஆட்கள் என்று கொள்வர். முதுகலை வகுப்பில் இதைப் படித்தபோது நடை பற்றிய அறிவுரை என்றே எண்ணினேன். ஒரு பெயரில் கேட்டு மறுபெயரில் விடை பெற்ற கணினி, இரண்டையும் இரண்டு ஆட்களாகக் கொண்டதைப் பார்த்தபின்தான் விதியின் கூர்மை விளங்கிற்று. பல பெயர்கள் ஓர் ஆளுக்கு இருப்பதில் இடர் எதுவுமில்லை. அவை ஓர் ஆளையே சுட்டுகின்றன என்பதைக் கேட்பவர் அறிய ஒரு வழி வேண்டும்.

நிரல் ஒழுங்காயிற்றா என்று சோதிக்க, சில கோப்பு எண்களை அனுப்பி, வந்த குறியீட்டையும் ஒலியையும் ஒப்பிட்டுக் கேட்டேன். ஒரு கோப்புக்குக் 'கே-04' என்று வந்தது. மாதா கோயிலின் மகளிர் குழுவில் எடுத்த பதிவு. திருத்தமான தமிழில், சுரங்கத்தின் சங்கொலி கேட்டுக் குழந்தைகள் எழுந்த காலத்தைப் பற்றி ஒரு மூதாட்டி பேசுகிறார். அடுத்த கோப்புக்குக் 'கே-09'. இது வீட்டில் எடுத்தது. மருமகள் அருகில் காய் நறுக்கும் ஓசை கேட்கிறது. இங்கும் சங்கொலி, இங்கும் குழந்தைகள், சொற்றொடரின் நடுவே அதே இடத்தில் அதே சிறு இருமல். கோப்புகளை மாற்றி மாற்றி மூன்று முறை கேட்டேன். கே-09 எனக்கு நன்கு தெரிந்தவர். என்னைக் கண்ணு என்று அழைத்தவர். கே-04-ஐ நான் நேரில் கண்டதில்லை. அந்தத் தொகுதியை முந்தைய ஆண்டில் என் வகுப்புத் தோழர் பதிந்து தந்திருந்தார்.

அம்மையாரின் மகனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். 'ரெண்டும் அம்மாதாங்க. சர்ச்சுல ஞானஸ்நானப் பேரு, வீட்ல கூப்புட்ற பேரு வேற. ஏங்க, ஏதாச்சும் தப்பா?' என்றார். தப்பு எதுவும் இல்லை என்று சொன்னேன். அவர் பக்கம் இல்லை என்பது மட்டும் உண்மை.

என் மூன்றாம் அத்தியாயத்தில் கே-04-உம் கே-09-உம் எதிரெதிராக நின்றனர். ஒரே வயது, ஒரே பிறப்பிடம், ஒரே பாலினம் உடைய இரண்டு பேசுநர்களுள் ஒருவர் '-கொண்டு'வையும் '-கிட்டு'வையும் ஆள்கிறார், மற்றவர் பெரும்பாலும் '-கினு'வையே ஆள்கிறார் என்று காட்டி, தங்கவயல் தமிழில் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகுதி என்னும் முடிவை அதன்மேல் எழுப்பியிருந்தேன். உண்மையில் அங்கே ஒருவர்தான் இருந்தார். கோயிலில் ஞானஸ்நானப் பெயரால் அழைத்து, வினாநிரலைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துத் தமிழில் கேட்ட அந்நியருக்கு ஒரு நடையில் விடை சொன்னார். வீட்டில் மருமகள் அருகிருக்க, பலமுறை வந்துபோன எனக்கு மற்றொரு நடையில் சொன்னார். பேசுபவர் தம் நடையைக் கேட்பவருக்கு ஏற்ப அமைத்துக்கொள்கிறார் என்று ஆலன் பெல் 1984-இல் எழுதிய கட்டுரையை நான் வகுப்பில் இளையோருக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். என் அட்டவணையில் 'பெயர்' என்னும் பத்தியை ஆள் என்று கொண்டபோது அது நினைவுக்கு வரவில்லை.

அம்மையார் எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாரோ அந்தப் பெயருக்கு உரிய தமிழில் விடை தந்தார். என் நிரல் செய்யத் தவறியதை அவர் இயல்பாகவே செய்திருந்தார். பிழை முழுவதும் கேட்டவன் குறித்துவைத்த முறையில் இருந்தது. பெட்டி பேசாமல் போகாதிருந்தால், நிரலைச் சோதிக்கும் தேவை எழுந்திராது. அத்தியாயம் அப்படியே அச்சேறியிருக்கும்.

நெறியாளரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். 'முன்பு இருந்ததைவிட இது நல்ல அத்தியாயம் ஆகும். திரும்ப எழுதுங்கள்' என்றார். மற்ற 29 பேசுநர்களுக்கும் பிறந்த ஆண்டு, லைன் எண், வழங்கும் பெயர்கள் அனைத்தையும் மீண்டும் சரிபார்க்க ஐந்து வாரங்கள் ஆயின. வேறு இரட்டிப்பு இல்லை.

இடையில் இன்னொரு பாடமும் நேர்ந்தது. பெட்டியின் முதன்மை முகவரியை மாற்ற எண்ணி, 51 வழியே உள்நுழைந்துகொண்டு 50-ஐ நீக்கினேன். உடனே என் இணைப்பும் அறுந்தது. ஒரு தெருவின் முதன்மை முகவரியை நீக்கினால், அதைச் சார்ந்திருந்த இரண்டாம் முகவரிகள் அனைத்தையும் கெர்னல் உடன் நீக்கிவிடும். இதுவே அதன் தொன்றுதொட்ட இயல்பு. 'ப்ரமோட் செகண்டரீஸ்' என்னும் அமைப்பின் மதிப்பை 1 என்று வைத்திருந்தால், முதன்மை போனதும் அடுத்தது அந்த இடத்துக்கு உயரும். இன்று பல லினக்ஸ் விநியோகங்களில் இது 1 என்றே வருகிறது. என் பெட்டியின் பழைய கெர்னலில் 0. நான் மாற்றியது ஓடிக்கொண்டிருக்கும் நிலையை மட்டுமே என்பதால், மின்சாரத்தை நிறுத்திப் போட்டதும் கோப்பில் எழுதிவைத்த இரண்டு முகவரிகளோடும் பெட்டி திரும்ப எழுந்தது.

தேவைப்படுவோருக்காகச் சுருக்கம்:

1. ஐபி அட்ரஸ் ஆட் கட்டளையால் சேர்க்கும் முகவரி, கணினியை மறுபடி தொடக்கினால் இராது. அவசரத் தேவைக்கு இதுவே நன்மை. தவறு செய்தாலும் மீளலாம்.

2. நிலையாக வேண்டுமெனில் அமைப்புக் கோப்பில் எழுதவேண்டும். உபுண்டு வழங்கிகளில் நெட்பிளான் கோப்பின் முகவரிப் பட்டியலில் மேலும் ஒரு வரி சேர்த்து, 'நெட்பிளான் ட்ரை' என்று சோதியுங்கள். 120 நொடிகளுக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பும். தொலைவிலிருந்து வேலை செய்வோருக்கு இது காப்பு.

3. நெட்வொர்க்மேனேஜர் உள்ள கணினிகளில் 'என்எம்சிஎல்ஐ' கட்டளையில் ஐபிவி4 முகவரிகளுக்கு முன் கூட்டல் குறி இடவேண்டும். இடாவிட்டால் பழைய பட்டியல் போய்ப் புதியது மட்டும் நிற்கும்.

4. எந்த முகவரியிலிருந்து விடை போகும் என்பதை 'ஐபி ரூட் கெட்' என்று கேட்டு முன்பே பாருங்கள். அது காட்டும் வரியில் 'எஸ்ஆர்சி' என்பதன் எதிரே இருக்கும்.

5. அட்டையை அழிக்கும்முன் இரண்டு இடங்களில் படி வைத்திருங்கள்.

ஊருக்கு வருவோம். வைட்ஃபீல்ட் என்னும் பெயர், 1882-இல் மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையார் ஆங்கிலோ இந்தியக் குடியிருப்புக்காக நிலம் அளித்தபோது, அந்தச் சங்கத்தை நிறுவிய டி. எஸ். வைட்டின் பெயரால் வந்தது. 2023 மார்ச் 25 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ பாதையின் கடைசி நிலையத்தில் பெயர்ப்பலகை வைட்ஃபீல்ட் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் காடுகோடி என்றும் சொல்கிறது. பக்கத்திலுள்ள தொழில்நுட்பப் பூங்காவுக்கு வருவோர் முதற்பெயரையே சொல்கின்றனர். அம்மையாரின் மகன் ஒருபோதும் அதைச் சொன்னதில்லை. அவருக்கு இது காடுகோடி. இருவரும் இறங்குவது ஒரே நடைமேடையில்.

திருத்திய அத்தியாயத்தில் பேசுநர்கள் 30 பேர். கே-04, கே-09 என்னும் இரண்டு குறியீடுகளையும் நீக்காமல் விட்டிருக்கிறேன். முன்னர் ஒரு கருத்தரங்கக் கட்டுரையில் இரண்டையும் மேற்கோள் காட்டிவிட்டேன். அதைப் படித்தவர் தேடி வந்தால் கிடைக்கவேண்டும். இரண்டும் ஒருவரையே சுட்டுகின்றன என்பதை அட்டவணையில் எழுதியிருக்கிறேன். அழைத்த பெயர், அழைத்தவர், இடம் என்று மூன்று பத்திகள் புதிதாகச் சேர்ந்துள்ளன.

என் கணினியிலிருந்து 192.168.0.2-ஐ நீக்கிவிட்டேன். நீக்குமுன் மீண்டும் ஒருமுறை டிசிபிடம்ப் ஓட்டிப் பார்த்தேன். பழைய வீட்டின் ரவுட்டரை இப்போது யாரும் தேடவில்லை.